தோமையாரின் மூலைமட்டம்

மைசூர்,
ஆனி 20

அன்புள்ள அப்பாவுக்கு, சக்தியின் வணக்கம். நான் சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? அங்கே டவர் கிடைக்காததால் எழுதுகிறேன்.

பயப்படாமல் படியுங்கள். போன வாரம் வேலைக்குச் சாரம் ஏறப்போனபோது, உளுத்துப்போன ஒரு கம்பத்தில் என் விரல் உள்ளே போனது. நான் ஏற மறுத்தேன்.

"நேத்துகூட ஏறுனோமே, என்னம்மா சந்தேகம்?" என்றார் அந்தோணி மேஸ்திரி.

"தொட்டுப் பாருங்க மேஸ்திரி."

தொட்டவர் எல்லாரையும் விலகச் சொல்லிவிட்டு ஓங்கி உதைத்தார். கம்பம் முறிந்தது. யாருக்கும் கீறல்கூட இல்லை.

இங்கே கிறிஸ்தவக் கொத்தனார்களுக்கு ஒரு சகோதரர் சபை உண்டு. அதன் பாதுகாவலர் தோமையார், இயேசுவின் சீடர். உயிர்த்தெழுந்தவரின் காயத்தைத் தொட்டால்தான் நம்புவேன் என்றாராம். நம்பியபின் கடல் தாண்டி நம் மெட்ராஸ் வரை வந்து உயிரையே கொடுத்தாராம். கட்டடம் கட்டுகிறவர்களுக்கு அவர்தான் துணையாம். நேற்று அவர் திருநாள். ஊர்வலத்தில் அவருடைய சின்னமான மூலைமட்டத்தை, சுவர் மூலை சரியா என்று பார்ப்போமே அந்தக் கருவியை, என்னிடம் சுமக்கக் கொடுத்தார் மேஸ்திரி.

"பொம்பளையா? அதுவும் இந்துவா?" என்றார் ஒருவர்.

"அன்னைக்கு நாம ஆறு ஆம்பளைங்க இருந்தோம். ஒருத்தனாவது தொட்டுப் பாத்தோமா?" என்றார் மேஸ்திரி.

கேட்டவர் சிரித்துவிட்டு வழிவிட்டார். நானே முன்னால் நடந்தேன், அப்பா!

என் கம்பளியைக் கொடுத்தனுப்புங்கள். ஒரே ஆளுக்கு ரசம் வைக்க எவ்வளவு புளி என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள். தினமும் மிஞ்சிவிடுகிறது.

மேஸ்திரி கூப்பிடுகிறார், புதுச் சாரத்தை நான் தொட்டுப் பார்த்தால்தான் ஏறுவார்களாம்.

உங்கள் மகள்,
சக்தி