ஒரு வண்டிக்கு மட்டும்

நவம்பர் 3, திங்கள்

சங்ககிரி லாரி ஆபீசில் இன்று தீர்ப்பு வந்துவிட்டது. என் பழைய சர்வருக்கு இந்த மாதக் கடைசியோடு மூடுவிழா. லாரிகளில் இருக்கும் ஜிபிஎஸ் கருவிகள் எல்லாம் இனிப் புது சர்வருக்குப் போய்ச் சேரும். எழுதியவன் நவீன்குமார், நேற்று வந்த பையன். நன்றாகவே எழுதியிருக்கிறான். அதுதான் எரிச்சல்.

முதலாளி சென்னியப்பன் டீ வாங்கிக் கொடுத்தார். "வருத்தப்படாதீங்க தம்பி. நீங்க எழுதுனது இத்தன வருசம் ஓடுனதே பெருசுங்க." ஆறுதலா, குத்தலா? அவரிடம் இரண்டும் ஒரே கிளாசில்தான் வரும்.

நவம்பர் 4, செவ்வாய்

பழசே மனதில் ஓடுகிறது. கல்லூரி முடித்த புதிது. முதலாளி தன் வண்டிகளில் என்னைக் கை வைக்க விடவில்லை. "மொதல்ல உங்கப்பா வண்டில மாட்டிப் பாருங்க" என்றார். அத்தாவுக்குச் சொந்தமாக ஒரே லாரி. ஓட்டுவதும் அவர்தான், லோடு மட்டும் இந்த ஆபீஸ் மூலம். வண்டியின் நெற்றியில் என் தங்கை பெயர் எழுதியிருக்கும்: கௌசியா. டேஷ்போர்டுக்கு அடியில் கருவியை நானே மாட்டினேன். அதற்கப்புறம்தான் மற்ற வண்டிகளுக்கு அனுமதி.

எல்லா வண்டிகளிலும் மாட்டி சர்வரை ஓடவிட்ட முதல் நாள். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு அத்தா கிளம்பினார். லாரி கௌசியா சர்வரின் கதவைத் தட்டினாள், அது அக்செப்ட் செய்தது, திரையில் ஒரு புள்ளி முளைத்தது. கத்தியே விட்டேன்.

அப்புறம் நாள் முழுக்க அந்த ஒரு புள்ளிதான்! கல்யாண மண்டப வாசலில் வரவேற்க நிற்பவன், முதலில் வந்த மாமாவோடு போய் பிரியாணிப் பந்தியில் உட்கார்ந்துகொண்டால் எப்படி? அதைத்தான் என் புரோகிராம் செய்தது. வந்தவரை உள்ளே வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வாசலுக்குத் திரும்ப வேண்டும். அந்த முதல் நாள் நான் அதை எழுதியிருக்கவில்லை. மற்ற லாரிகள் எல்லாம் வெளியே வரிசையில்.

சாயங்காலம் முதலாளி திரையைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, என்ற ஆபீசுல உங்கப்பா வண்டி ஒண்ணுதான் ஓடுதுங்களா?"

அத்தா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். "எம்மவன் கடையில எனக்கு மட்டுந்தான் எடம்." அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாகிவிட்டது.

நவம்பர் 6, வியாழன்

தெருவில் லாரி ஹாரன். அத்தா தலையைத் தூக்கினார், குனிந்துகொண்டார்.

நவம்பர் 11, செவ்வாய்

"அண்ணா, லிஸ்ட்லயே இல்லாத கருவி ஒண்ணு பழைய சர்வருக்கு விடாம வந்துக்கிட்டே இருக்குது. குப்பை. புதுசுல பிளாக் பண்ணிடறேன்" என்றான் நவீன். எண்ணைப் பார்த்தேன். மறுபடி ஒரு தடவை பார்த்தேன்.

கௌசியா.

அத்தாவுக்கு நெஞ்சு வலி வந்து, இனி ஸ்டியரிங் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு விற்றோம். புரோக்கர் யாரிடம் தள்ளினான் என்று தெரியாது. வண்டிப் பேச்சு வந்தால் அத்தா ஒரே வார்த்தைதான் சொல்வார்: "ஒடைச்சிருப்பானுங்க." அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. அம்மா அந்தப் பேச்சுக்கே வீட்டில் தடை போட்டுவிட்டாள்.

விற்ற அன்று அதன் எண்ணைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டேன். கருவிக்குள் இருந்த சிம் கார்டை ஆபீசில் யாரும் நிறுத்தவில்லை. ஆக, இத்தனை வருடமும் அவள் வந்திருக்கிறாள். சர்வர் அக்செப்ட் செய்யும், பட்டியலில் இல்லை என்று பார்க்கும், மூடிவிடும். அவள் மறுபடி வருவாள், மறுபடி மூடிவிடும். என்னையே திட்டிக்கொண்டேன்: அட பாவி தௌசீப், ஒரு தடவை எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

நவம்பர் 12, புதன்

பட்டியலில் சேர்த்தேன். புள்ளி கெங்கவல்லியில் முளைத்தது. ஓடுகிறது — பழைய இரும்புக்கு உடைக்கவில்லை!

ஆனால் மாதக் கடைசியில் மறுபடி காணாமல் போய்விடுவாள். பழைய கருவி, நவீனின் சர்வருக்கு அது பேசுவது புரியாது. அதோடு, இப்போது அது வேறொருவர் வண்டி. ஒளிந்திருந்து பார்ப்பது தப்பு. நேரில் போய்க் கேட்கத்தான் வேண்டும். அவர் கருவியைக் கழற்றி எறிந்துவிட்டால்?

நவம்பர் 16, ஞாயிறு

காலையில் அத்தாவிடம் சொன்னேன். உள்ளே போய்ச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து, "பஸ் எத்தன மணிக்குடா?" என்றார்.

கெங்கவல்லிப் பக்கம் ஜவ்வரிசி செய்யும் ஒரு சேகோ பேக்டரி வாசலில் மரவள்ளிக்கிழங்கு லோடோடு நின்றிருந்தாள். நெற்றியில் இப்போது 'அங்காளம்மன் துணை'. உரிமையாளர் சுப்பையன் நான் சொன்னதைக் கேட்டுத் திகைத்துப் போனார். "என் வண்டில மெஷினா? எனக்கே தெரியாதே! புடுங்கிப் போட்டுடட்டா?"

அத்தா பானெட்டில் கை வைத்தபடி கேட்டார்: "ரெண்டாவது கியரு இன்னும் மொரண்டு புடிக்குதா?"

"கியர் பாக்ஸே மாத்திட்டேன் பாய், அப்பவும் புடிக்குது!"

"அவ அப்படித்தான். ஒரு நொடி பொறுத்துப் போடு, உழுந்துரும்."

சுப்பையன் அத்தாவையே பார்த்தார். பிறகு என்னிடம், "இருந்துட்டுப் போவட்டும்பா. பாய் பாத்துட்டுப் போறாரு, நான் என்ன திருட்டு லோடா அடிக்கறேன்?"

திரும்பும்போது பஸ்ஸில் அத்தா அழுதார். நானும்தான்.

நவம்பர் 30, ஞாயிறு

லாரிகள் ஒவ்வொன்றாகப் புது சர்வருக்குப் போய்விட்டன. என் திரையில் மிஞ்சியது ஒரு புள்ளி. முதலாளி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, மறுக்காவும் உங்கப்பா வண்டி ஒண்ணுதானுங்களா?"

மறக்கவில்லை மனிதர்! இருவரும் சிரித்தோம். கௌசியாவின் கருவிக்கு வேறொரு சர்வரின் முகவரியை அனுப்பிவிட்டு, பழைய சர்வரை நானே நிறுத்தினேன்.

டிசம்பர் 4, வியாழன்

கௌசியாவுக்கு அனுப்பிய முகவரி, நான் வாடகைக்கு எடுத்த ஒரு குட்டி சர்வருடையது. அதில் ஓடுவது நான் முதன்முதலில் எழுதிய அதே புரோகிராம், வந்தவளோடு பந்தியில் உட்கார்ந்துவிடுமே, அது. அந்தத் தப்பைத் திருத்தவில்லை. வரிசையில் வேறு யாரும் இல்லையே.

புள்ளி அத்தாவின் போனிலும் தெரியும்படி செய்துகொடுத்தேன். ஆபீசில் இருக்கும்போது அவரே கூப்பிட்டார். "டேய், ஆத்தூரு தாண்டி நிக்கிறா. டீ குடிக்க எறங்கிட்டான் போல அந்தச் சுப்பையன். அங்க ஒரு கடைலயும் டீ நல்லாருக்காதுடா, அவனுக்கு யாராச்சும் சொல்லக் கூடாதா?"