வயர் இல்லாத வரிசை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். உங்கள் முட்டிவலி தேவலையா?

இங்கே சோலார் தகடுகளைத் துடைப்பதுதான் என் வேலை. நேற்று கைத்துணி கீழே விழ, எடுக்கக் குனிந்தேன். ஆறு மாதமாக நான் பளபளவென்று துடைத்துவரும் கடைசி வரிசைக்குப் பின்னால் வயரே இல்லை! வாசல் போர்டிலோ, ‘இனி எண்ணெய்க்காக நம் நாடு யாரிடமும் கையேந்தாது’ என்று எழுதியிருக்கிறது.

சூப்பர்வைசரிடம் கேட்டேன். "உனக்கு முன்பக்கம்தானே வேலை? பின்பக்கம் எதுக்குப் பாக்குற?" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், அதுதான் இடிக்கிறது.

உங்கள் பழைய வேட்டி ஒன்று அனுப்புங்கள். துடைக்க அல்ல, இரவுக் குளிருக்குப் போர்த்திக்கொள்ள.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது. நம் நிலத்தைக் கேட்பதாக எழுதினீர்களே, அதுவும் இதே கம்பெனிதான். ஆள் வந்தால் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுங்கள். பேனாவை மட்டும் ஒளித்துவையுங்கள்.

உங்கள் சின்னவன்