பெட்டியில் வந்த மெஷின்

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் எழுதுவது. நான் நலம். லீவு போட்ட பிறகாவது உன் முட்டிவலி தேவலையா?

ஆட்களைப் பழக்க என்னை அனுப்பியிருக்கும் இந்தப் புது இடத்தில், கட்டடமும் ஆட்களும் கூட்டாளி கம்பெனியின் பொறுப்பு, மெஷின் நம் கம்பெனியின் பொறுப்பு என்று ஏற்பாடு. புதிதாக வாங்குவார்கள் என்றுதான் நம்பியிருந்தேன். நேற்று பெட்டியைப் பிரித்தால், அங்கே நீ இருபது வருஷம் பாட்டில்களுக்கு மூடி அடித்த மெஷின். கைப்பிடியில் உன் பச்சைப் புடவைத் துண்டு சுற்றியபடியே வந்திருக்கிறது.

அதில் வேலைக்கு நிற்கப்போகிற இந்த ஊர்ப் பெண், "இது யாரு ஓட்டின மெஷின்ணே?" என்றாள். "தெரியலம்மா" என்று சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக்குள் அவளுக்குப் பழக்கிவிட வேண்டும்.

அந்தத் துண்டை அவிழ்த்து என் பையில் வைத்துக்கொண்டேன். வெறும் கைப்பிடி அவளுக்குக் கையில் உறுத்துகிறதாம்; பழைய புடவை இருந்தால் இன்னொரு துண்டு அனுப்பு.

கம்பெனி வேன் வந்துவிட்டது. லீவு முடிகிறதே என்று வேலைக்குப் போக பஸ் பாஸ் எடுத்துவிடாதே அம்மா. முட்டி இன்னும் கொஞ்சம் ஆறட்டும்.