வாய்தாவுக்கு முன்னால்

வெள்ளகோவில்,
14.7.1996

கண்ணு சென்னியப்பனுக்கு அம்மா பாப்பாயி எழுதுவது.

கோயமுத்தூர் ஜெயிலிலிருந்து நீ போட்ட கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். கையைக் கழுவிவிட்டு அங்கேயே நின்று படித்தேன். வயிற்று வலி பரவாயில்லை என்று எழுதியிருக்கிறாய். டாக்டரிடம் காட்டினாயா, எனக்காகச் சும்மா எழுதினாயா தெரியவில்லை. இங்கே மழை இல்லை. தறிகள் ஓடாமல் கிடக்கின்றன. ஆள் பிடித்து ஓட்டலாம் என்கிறார் உன் பெரியப்பா. எனக்கு அதில் மனசு போகவில்லை.

நீ கேட்டதையெல்லாம் வக்கீல் யூனுஸிடம் கேட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை லீவு போட்டுக் காங்கேயம் போனேன். தொழுகைக்குப் போயிருந்தார், வரும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன். அவர் எதற்கும் சலிக்காமல் பதில் சொன்னார். எனக்குத்தான் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

மாசாணியைக் கேஸை வாபஸ் வாங்க வைக்கச் சொல்லியிருந்தாய். அவளே நினைத்தாலும் முடியாதாம். "ஏனுங்கம்மா, இந்தக் கேஸ நடத்துறது உங்க மருமக இல்லீங்க, போலீஸுங்க. எலும்பு முறிஞ்ச கேஸு. ஊட்டுல உக்காந்து பேசி முடிச்சுக்கற பிரிவு இல்லீங்க" என்றார். மறுபடி ஜாமீன் கேட்டாலும் கிடைப்பது கஷ்டம் என்றார். முன்பு ஜாமீனில் வந்தவன் ஆனைமலைக்குப் போய் மாமனார் வீட்டு வாசலில் நின்று அவளைக் கொன்றுவிடுவேன் என்று கத்தாமல் இருந்திருந்தால், இன்றைக்கு நீ வெளியில் இருந்திருப்பாய். இதை அவர் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

விவாகரத்துக்கு நீ சம்மதிக்காவிட்டால் அவள் என்ன செய்துவிட முடியும் என்று கேட்டிருந்தாய். கொடுமை நடந்தது என்று கோர்ட் நம்பினால் உன் சம்மதமே தேவையில்லையாம். லோகப்பிரியா ஆறு வயதுப் பெண் குழந்தை. தாயிடம்தான் இருப்பாள். ஆனால் அவளைப் பார்க்க உனக்கு உரிமை உண்டு, மனுப் போட்டால் கோர்ட் நாள் குறித்துத் தரும் என்றார். மாசாணிக்குப் போட்ட நகையும் சீரும் அவளுக்கே சொந்தம், நாம் கை வைக்கக்கூடாது. பீரோவில் இருந்ததை நேற்றே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். கோபப்படாதே.

நீ கேட்காத ஒன்றை எனக்காகவும் கேட்டேன். பெற்றவள் சாட்சி சொல்லாமல் இருக்க வழி உண்டா என்று. யூனுஸ், "புருசன் பொண்டாட்டி தங்களுக்குள்ள பேசிக்கிட்டத வெளிய சொல்லச் சொல்லக் கூடாதுங்க. அதுகூட இந்த மாதிரிக் கேஸுக்குச் செல்லாதுங்க. பெத்தவங்களுக்கு அப்படி ஒண்ணுமே இல்லீங்கம்மா. சம்மன் வந்தா வரோணும், கேட்டாப் பதில் சொல்லோணும்" என்றார். சம்மன் வந்துவிட்டது. அடுத்த மாதம் ஆறாம் தேதி வாய்தா.

பெரியப்பா தினமும் வருகிறார். மாசாணி தறிக்கூடத்துப் படியில் வழுக்கி விழுந்தாள் என்று சொல்லச் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் வைத்து இன்ஸ்பெக்டரிடம் நான் சொன்னதெல்லாம் பதற்றத்தில் சொன்னது என்று மாற்றிச் சொல்ல வேண்டுமாம். "ஒரே பையன ஜெயிலுக்கு அனுப்பிப்போட்டு நீ யாரு மூஞ்சியில முழிப்பே?" என்று கேட்டார். அவர் போன பிறகு அடுப்புப் பற்ற வைக்கக்கூட முடியவில்லை.

சொல்லப்போனால், நேற்று ஆனைமலைக்குப் போனது நகை கொடுக்க மட்டும் இல்லை. வக்கீல் முடியாது என்றாலும், மாசாணியே கோர்ட்டில் மாற்றிச் சொன்னால் என் பாடு தீருமே என்று நினைத்துத்தான் பஸ் ஏறினேன். அவள் காபி கொண்டுவந்தாள். இடது கையால் கொடுத்தாள். நான் முகத்தைப் பார்த்ததும், "தப்பா நினைக்காதீங்க அத்தே, வலது கை இதுக்கு மேல தூக்க வரமாட்டேங்குது" என்றாள். முழங்கை மடங்கியபடியே நின்றுவிட்டது. குழந்தைக்குத் தலை பின்ன முடியாமல் முடியைக் கத்தரித்துவிட்டிருக்கிறாள். நான் என்ன கேட்க வந்தேன் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவள்தான் கேட்டாள், "நீங்க பாத்ததச் சொல்லுவீங்களா அத்தே? எங்கய்யன் கண்ணு ஆபரேசனுக்குப் போய்ட்டு வாரேன்னுதானே அன்னிக்குக் கேட்டேன்." சொல்லுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

கண்ணு, அன்றைக்கு நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது தறிக்கூடத்துக் கதவு திறந்திருந்தது. நீ இரும்பு ராடை ஓங்கியதைப் பார்த்தேன். அவள் கீழே விழுந்த பிறகும் ஓங்கினாய். நான் வந்து கையைப் பிடித்திருக்காவிட்டால் இன்றைக்கு வேறு கேஸ் ஆகியிருக்கும். இதைத்தான் கோர்ட்டில் சொல்வேன். இந்தக் கடிதத்தை ஜெயிலில் படித்துவிட்டுத்தான் உன்னிடம் கொடுப்பார்களாம். படிக்கட்டும்.

யூனுஸ் கடைசியாக இன்னொன்றும் சொன்னார். செய்ததை நீயே நீதிபதி முன்னால் ஒப்புக்கொண்டால் சாட்சி விசாரணையே வராதாம். யாரும் கூண்டில் ஏற வேண்டியதில்லை. "தண்டனை உண்டுங்க. கொறையும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். உள்ள இருந்த நாளக் கழிச்சுக்குவாங்க. ஆனா அத அவருதான் முடிவு பண்ணோணும்" என்றார். அதனால் செய் என்று நான் எழுதவில்லை. பெரியப்பாவிடம் கேட்காதே, யோசித்துப் பார் என்று மட்டும் எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை ஜெயிலில் மனுப் போட்டு உன்னைப் பார்க்க வருகிறேன். என் மேல் கோபமிருந்தால் வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடாதே, பேசாவிட்டாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நில். ஆறாம் தேதி நீ எதைச் சொன்னாலும், நான் எதைச் சொல்ல நேர்ந்தாலும், எத்தனை வருடம் போட்டாலும், மாதம் தவறாமல் வந்து அதே இடத்தில் நிற்பேன். மாசாணியம்மன் உனக்குத் துணை இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு.

உன்னைப் பெற்றவள்,
பாப்பாயி