அவள் வீட்டிலிருந்த ஆறு மாதம்

மார்ச் 4, செவ்வாய்

மருமகளுக்கு வேலை கிடைத்த மாதிரிதான். பெரிய மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவு. பின்னணி விசாரணை முடிந்ததும் ஆணை கைக்கு வருமாம். அவள் இருந்த மருத்துவமனையை ஜனவரியில் விற்று, எல்லோரையும் வெளியே அனுப்பியதிலிருந்து வீடு மகனின் லாரியை நம்பித்தான் ஓடுகிறது. எண்ணெய், சோப்பு இரண்டையும் சுருக்கியாயிற்று. இனிச் சுருக்க நான்தான் பாக்கி.

பிரார்த்தனையில் இது ஒன்றைத்தான் கேட்டேன். வேறு எதுவும் கேட்டு ஆண்டவனைக் குழப்பவில்லை.

மார்ச் 7, வெள்ளி

விசாரணைக்காரர் வந்தார். நாற்பது வயதிருக்கும், செருப்பை வாசலிலேயே கழற்றினார். மருமகள் வங்கிக்குப் போயிருந்தாள். எனக்கு எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாவிட்டால் தூக்கம் வராது. என்னவெல்லாம் பார்ப்பீர்கள் என்று கேட்டேன். படிப்புச் சான்று நிஜமா, நர்ஸ் பதிவு நடப்பில் இருக்கிறதா, போலீஸ் வழக்கு உண்டா, முன்பு இருந்த இடத்தில் எப்படி, நடுவில் எங்கேயாவது இடைவெளி இருக்கிறதா...

"கல்யாணத்துக்குக்கூட நாங்க இவ்வளவு விசாரிக்கலையே தம்பி."

"கட்டிக்கிட்டவங்க பொறுத்துக்குவாங்கம்மா. படுக்கையில கெடக்கிறவங்க என்ன பண்ணுவாங்க?"

நியாயமான பேச்சு. அவர் சிரித்ததும் எனக்கும் வாய் திறந்துகொண்டது. இவள் கைராசியைப் பற்றி நாலு வார்த்தை நல்லதாகச் சொல்ல வேண்டாமா? "என் ரெண்டு கண்ணுக்கும் ஆபரேஷன் ஆனப்போ ஆறு மாசம் லீவு போட்டுட்டு எங்கூடவே இருந்தா. வேளை தவறாம சொட்டு மருந்து விட்டா. பெத்த பொண்ணு செய்வாளா?" என்றேன். எந்த வருஷம் என்று கேட்டார். வருஷமென்ன, மாதமே சொன்னேன். என் கணக்கு தப்பாது. அவர் குறித்துக்கொண்டார்.

இரவு பெருமையாக இதைச் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றுவிட்டது அவளுக்கு.

"ஆறு மாசம்னா சொன்னீங்க அத்தை?"

மார்ச் 8, சனி

தலைவலி என்கிறாள். முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் என்ன செய்தேன்?

மார்ச் 12, புதன்

வேலை இல்லை.

போனை வைத்துவிட்டு அவள் துணி மடிக்கப் போனாள். மடித்ததையே பிரித்துப் பிரித்து மறுபடி மடித்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன். கடைசியில் சொன்னாள்.

அந்த ஆறு மாதம் லீவு இல்லை. சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள்.

வலிக்கு ஊசி போட்டபின் குப்பியில் மிஞ்சும் மருந்தை இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து நின்று கொட்டிவிட்டு, இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். போதை மருந்து அது. வார்டில் எந்நேரமும் ஓட்டம். "கொட்டிட்டேன்டி, ஒரு கையெழுத்து போடு" என்று தோழி நீட்டினால், பார்க்காமலே போடுவார்களாம். இவளும் போட்டிருக்கிறாள். ஒருநாள் அந்தத் தோழி கழிப்பறையில் ஊசியும் கையுமாக மயங்கிக் கிடந்தாள். கொட்டியதாக எழுதிய இடத்திலெல்லாம் இவள் கையெழுத்து. விசாரித்து, ஆறு மாதம் கழித்துத்தான் இவளைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார்களாம்.

விண்ணப்பத்தில் அந்த ஆறு மாதமும் வேலை செய்ததாக எழுதியிருக்கிறாள். பழைய ஆபீஸே இல்லை, யார் சொல்லப்போகிறார்கள் என்ற தைரியம். சொல்ல நான் இருந்தேனே! என் வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பழைய தலைமை நர்ஸைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"சஸ்பெண்ட் ஆனதுக்காக இல்லையாம் அத்தை. அதை எழுதியிருந்தா கூப்பிட்டுக் கேட்டிருப்பாங்களாம். மறைச்சதுக்காகத்தானாம்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருந்தா பொய் சொல்லியிருப்பீங்களா?"

அவள் பிரித்துப் போட்ட துணியை எடுத்து நான் மடித்தேன்.

மார்ச் 13, வியாழன்

எனக்காக லீவு போட்டாள் என்று எத்தனை வருஷமாக ஆண்டவனுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்! அக்கம்பக்கத்தில் சொல்லாத ஆள் பாக்கியில்லை. அத்தனையும் எதற்கு? ஆனால் சொட்டு மருந்து விட்டது பொய்யில்லையே. நடுராத்திரி எழுந்து வந்து விட்டாளே. அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் அவளைக் கெடுத்தேன்.

மார்ச் 15, சனி

மகன் வந்தான். அவனுக்கு அப்போதே தெரியுமாம்! எனக்கு மட்டும்தான் தெரியாது.

"உங்கிட்ட சொன்னா ஊரையே கூட்டி பிரார்த்தனை வெச்சிருப்பம்மா" என்றான்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அவள் இந்நேரம் வேலையில் சேர்ந்திருப்பாள். நாளைக்கு அவள் கையால் ஊசி போட்டுக்கொள்பவர் ஒரு வீட்டுக்குப் பெரியவர்தானே, அவருக்கு இவளைப் பற்றித் தெரிய வேண்டாமா? என் மகனே படுத்திருந்தால் நானும் விசாரிக்கத்தானே சொல்வேன்? இரண்டு பக்கமும் நானே நின்று வழக்காடுகிறேன். தீர்ப்புச் சொல்ல ஆளில்லை.

மார்ச் 29, சனி

இன்னொரு மருத்துவமனையும் கைவிரித்துவிட்டது. இந்தத் தடவை எல்லாவற்றையும் உள்ளபடி எழுதிக் கொடுத்தாள். பக்கத்திலிருந்து நான்தான் எழுதச் சொன்னேன். ஆனால் இவர்களும் அதே விசாரணைக் கம்பெனியிடம்தான் கேட்கிறார்களாம். 'தகவலை மறைத்தவர்' என்று அங்கே பதிந்துவிட்டது. நிஜம் ஒரு தடவை பிந்தி வந்தால் அதற்கு மரியாதை இல்லை போலிருக்கிறது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பிரார்த்தனையில் உட்கார்ந்தேன். கேட்க ஒன்றும் வாயில் வரவில்லை.

ஏப்ரல் 21, திங்கள்

மருமகள் வேலைக்குப் போய்விட்டு வந்தாள். முதியோர் இல்லம். நர்ஸ் இல்லை, ஆயா. சம்பளத்தைப் பற்றி அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

சாப்பாடு போட்டபடி விசாரித்தேன். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, மலச்சட்டி வைப்பது. அங்கே இருக்கும் நர்ஸ் இப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வந்தவளாம். ஊசி போட நரம்பு கிடைக்காமல் ஒரு பெரியவரை நாலு இடத்தில் குத்திவிட்டாளாம்.

"நீ பாத்துக்கிட்டா நின்ன?"

"அவர் கையைப் புடிச்சிக்கிட்டு நின்னேன். என்னைத் தொடச் சொல்லலையே அத்தை."

குழம்பு ஊற்றினேன். இந்தத் தடவை விசாரிக்க வந்தால் என்ன பேசுவது, எங்கே நிறுத்துவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். எப்போது வருவார்கள் என்று கேட்டேன்.

"இந்த வேலைக்கு யாரும் வரமாட்டாங்க அத்தை. பேரு மட்டும் கேட்டாங்க" என்றாள்.