பவானியின் கைக்கு நீ வைத்த விளக்கு

என்னைவிட மூன்று மாதம் இளையவளான என் அண்ணி விமலாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பலர் படிக்கப் போகிறார்கள். அண்ணன் மனைவியை 'நீங்கள்' என்று எழுதுவதுதான் மரியாதை. சொந்தக்காரர்கள் முன்னால் நானும் அப்படித்தான் பேசினேன். அவர்கள் தலை மறைந்ததும் நீயும் நானும் வாடி போடிதான். இப்போது மட்டும் எதற்கு மாற்ற வேண்டும்?

நீ போய் இரண்டு மழைக்காலம் முடிந்துவிட்டது. சுங்குவார்சத்திரத்தில் என் ஸ்டூடியோ அதே மாடியில்தான் இருக்கிறது. கீழே டீக்கடை, எதிரே பஸ் ஸ்டாப். வேலைக்கு வரும் பெண்கள் காலையிலேயே படியேறி வந்து, சீப்பால் தலையை வாரிக்கொண்டு, பாஸ்போர்ட் சைஸ் படத்துக்கு உட்காருகிறார்கள். பலர் ஊரிலிருந்து வந்து இறங்கிய பையோடு நேராக வருகிறார்கள். அண்ணன் இன்னும் கம்பெனி பஸ்தான் ஓட்டுகிறான். முன்பைவிட மெதுவாக ஓட்டுவதாக அவனே சொல்கிறான்.

உனக்குக் கேமரா பிடிக்கத் தெரியாது. கடைசிவரை கற்றுக்கொள்ளவும் இல்லை. உன் வேலை ஒரகடத்தில், கார்க் கதவுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் கம்பெனியில். பெயின்ட் காய்ந்து வரும் கதவுகளில் கீறல், குமிழ், தூசி இருக்கிறதா என்று டியூப்லைட் வரிசைக்கு நடுவே நின்று ஒரு ஷிஃப்ட் முழுக்கப் பார்ப்பாய். ஒரு மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள், நான் ஒரு பெண்ணைப் படம் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாய். கேமரா தலையிலேயே ஃபிளாஷை மாட்டி, நேராக முகத்தில் அடிப்பேன் அப்போதெல்லாம். நெற்றி பளபளக்கும், மூக்கு காணாமல் போகும், பின்சுவரில் கறுப்பாக ஒரு நிழல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"இன்னாடி இது, மூஞ்சி தோசைக்கல்லு மாரி தட்டையா கீது?" என்றாய்.

"ஃபிளாஷ்னா அப்டித்தான் அண்ணி. கம்ப்யூட்டர்ல கொஞ்சம் வெள்ளையாக்கினா சரியாப்பூடும்."

"நேரா லைட் அட்சா எல்லாம் மறைஞ்சிடும் கலை. எங்க கம்பெனில கீறலு கண்டுபுடிக்கணும்னா லைட்டு சைடுல இருந்து சாஞ்சி வரணும். அப்பத்தான் மேடு பள்ளம் தெரியும்."

சாப்பாட்டுப் பையைக் கீழே வைத்துவிட்டு நீயே வேலையில் இறங்கிவிட்டாய். ஃபிளாஷைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டச் சொன்னாய். அதை அந்தப் பெண்ணின் இடப்பக்கம் கொண்டுபோய், கண்ணுக்குச் சற்று மேலே தூக்கி, மூலையில் தூசி பிடித்துக் கிடந்த வெள்ளைக் குடையை அதன் முன்னால் விரிக்க வைத்தாய். கீழ்க்கடையில் டிவி பார்சலிலிருந்து வந்த தெர்மாகோல் பலகையை வாங்கி வந்து வலப்பக்கம் பிடித்தாய். குடை வழியாகப் பரவி வந்த வெளிச்சம் பலகையில் பட்டுத் திரும்பி, நிழல் விழுந்த கன்னத்தை லேசாகத் தொட்டது. அந்தப் பெண்ணுக்கு மூக்கு வந்தது. கன்ன எலும்பு வந்தது. படத்தைப் பார்த்துவிட்டு, "இது நானாக்கா?" என்று கேட்டாள்.

நம் ஊர்க் கறுப்பு நிறத்தைப் பற்றி நீ சொன்னதைப் பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். "வெள்ளைக் கதவுல பாதி தெரியாது கலை. கறுப்புக் கதவுலதான் எல்லா வளைவும் தெரியும். கறுப்பு மேல லைட்டக் கொட்டக்கூடாது, பக்கத்துல பெருசா ஒரு வெள்ளையக் காட்டணும். அது பட்டு மின்னும் பாரு, அதான் உருவம்." அதன் பிறகு நான் யாருடைய முகத்தையும் வெளுக்க வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் நம்முடையவை ஆயின. கல்யாண ஆல்பத்துக்கு ஜோடிகள் வருவார்கள். விளக்கு பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் நிழலின் ஓரம் மெத்தென்று இருக்கும், சிறியதாகவும் தள்ளியும் இருந்தால் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கும் என்று இருவருமாகக் கண்டுபிடித்தோம். மூக்குக்கண்ணாடியில் விளக்கு பளிச்சிட்டால் விளக்கை இன்னும் உயர்த்தினோம். ஷிஃப்ட் முடிந்து எண்ணெய் வடிய வருகிறவர்களுக்கு நீயே துண்டை நீட்டுவாய். ஆள் வருவதற்கு முன் வெளிச்சம் சரியா என்று பார்க்க நாற்காலியில் நீதான் உட்காருவாய். எத்தனை நூறு முறை உட்கார்ந்திருப்பாய்?

சுற்றி வளைத்தது போதும். நான் எழுத வந்தது பவானியைப் பற்றி.

தென்காசிப் பக்கத்துப் பெண். வல்லம் வடகாலில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் வேலை. அந்த ஞாயிறு உள்ளே வந்தவள் பாஸ்போர்ட் படம் வேண்டும் என்றாள். உட்கார்ந்த பிறகு, மணிக்கட்டு வரை இருந்த சட்டைக்கையை மெல்லச் சுருட்டினாள். முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குத் சூடுபட்ட தழும்பு.

"மெஷினுக்கு மேல் மூடி கிடையாதுக்கா. கழட்டியே போட்டிருக்காங்க. பீஸ் எடுக்கும்போது சுட்டுட்டு. என்னை பேக்கிங்குக்கு மாத்துங்க, மூடியைப் போடுங்கன்னு கேட்டேன். போன்ல எடுத்த படத்தைக் காட்டினா ஒண்ணுமே தெரியலன்னு சொல்லுதாங்க. ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறேன். நல்ல படமா ஒண்ணு எடுத்துத் தாங்கக்கா."

நான் முதலில் கேட்டது, "வலிக்குதா?" என்று அல்ல. "எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன். அவள் பெயரைச் சொன்னதும் கேமராவைக் கீழே வைத்துவிட்டேன். அந்தக் கம்பெனிதான் புதிதாகச் சேரும் ஆட்களை எல்லாம் அடையாள அட்டைப் படத்துக்கு என்னிடம் அனுப்பிக்கொண்டிருந்தது. "இந்த மாதிரி படமெல்லாம் நாங்க எடுக்கறதில்லமா" என்றேன். உனக்கு நினைவிருக்கும், நான் அவள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

நீ தெர்மாகோலை ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாய். அவள் கையைப் பிடித்து ஜன்னல் பக்கமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். கதவில் கீறல் தேடும்போது நீ இப்படித்தான் தலையைச் சாய்ப்பாயோ என்று அன்று நினைத்தேன்.

"தழும்பு மேடா கீது கலை. நேரா அட்சா நிக்காது. குடை வேணாம், தெர்மாகோல் வேணாம். மொட்டை லைட்டு, தரையோட தரையா."

"அண்ணி, எனக்குப் பயமா கீது."

"பயந்துக்கினே எடு."

கறுப்புத் துணி விரித்த மேசையில் அவள் கையை வைத்தாய். ஃபிளாஷின் வாயில் கறுப்பு அட்டையைச் சுருட்டிக் குழாய்போல் செருகி, மேசை மட்டத்துக்கு இறக்கி, கையின் மேல் உரசிக்கொண்டு போகும்படி வைத்தாய். அளவு தெரிய ஒரு ஸ்கேலையும் பக்கத்தில் வைத்தாய். நான் அழுத்தினேன். திரையில் அந்தத் தழும்பின் ஒவ்வொரு சுருக்கமும் நிழலோடு எழுந்து நின்றது. பிறகு பவானி, "ஆமா, இப்படித்தான் இருக்கு" என்றாள். அந்த ஒரு வார்த்தையை யாராவது சொல்வார்களா என்று அவள் எத்தனை பேரிடம் கையை நீட்டியிருப்பாள்?

மனு போனது. ஒரு மாதத்துக்குள் ஆய்வுக்கு ஆட்கள் வந்தார்கள். மெஷினுக்கு மூடி வந்தது. பவானி பேக்கிங்குக்கு மாறினாள். அந்தக் கம்பெனியிலிருந்து எனக்கு ஆட்கள் வருவதும் நின்றது.

அது எனக்குத் தெரிந்த அன்று மாலை நீ வேலை முடிந்து கம்பெனிச் சட்டையோடு வந்தாய். நான் காத்துக்கொண்டே இருந்தேன். "உன்னாலதான் என் கடை போச்சு. உன் லைட்டத் தூக்கிக்கினு போ. கதவு பாக்கறவ கதவப் பாரு" என்றேன். நீ தெர்மாகோலை மட்டும் சுவரோரமாக நிமிர்த்தி வைத்துவிட்டுப் படியிறங்கினாய். பத்தொன்பது நாள் நாம் பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு.

இருபதாம் நாள் அண்ணன் போன் செய்தான். காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, ரத்தத்தில் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போகின்றன என்றான். நான் வந்தபோது மதியம். உன் கட்டிலுக்கு நேர் மேலே ஒரு டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது.

"இந்த லைட்டப் பாரேன்" என்றாய், குரலே இல்லாமல். "இதுல எல்லாரும் செத்தவங்க மாரி கீறாங்க."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். கேட்கவில்லை. எழுந்து போய் உன் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டை அணைத்தேன். ஜன்னல் திரையைப் பாதி ஒதுக்கினேன். வெளிச்சம் பக்கவாட்டில் வந்து உன் கன்னத்தில் விழுந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, "இப்ப பரவால்ல" என்றாய்.

மறுநாள் காலை நீ இல்லை.

அந்தப் 'பரவால்ல' வெளிச்சத்துக்கா, எனக்கா? இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நானே பதில் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று மட்டும் தெரியும்.

உன் கண்ணீர் அஞ்சலி பேனர் விஷயம் உனக்குத் தெரியாது. என் கம்ப்யூட்டரில் 'டெஸ்ட்' என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. அதில் முழுக்க நீதான். வெளிச்சம் பார்க்க உட்கார்ந்த நீ, கொட்டாவி விடும் நீ, போனில் பேசும் நீ. அதிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் கொடுத்தேன். என்னைத் திட்டுவதற்கு வாயைத் திறக்கப் போகிற படம். பேனர் கடைக்காரர் வழக்கம்போல் உன்னை வெளுக்க வைத்து, உதட்டுக்குச் சிவப்புப் பூசி, சுற்றி ரோஜாப்பூ போட்டு அனுப்பிவிட்டார். தெருமுனையில் கட்டியும் விட்டார்கள். அண்ணன் அதன் முன்னால் வெகுநேரம் நின்றான்.

"கலை, இது அவ இல்ல" என்றான்.

அவனே ஏணி போட்டு ஏறி அவிழ்த்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் வேண்டாம் என்று தடுத்தும் கேட்கவில்லை. நான் பேனர் கடையில் போய் உட்கார்ந்து, நிறத்தைத் தொடாமல் வேறொன்று அடித்து வாங்கி வந்தேன். அதில் நீ உன் நிறத்தில் இருந்தாய். தெருவே நின்று பார்த்தது. "விமலா இவ்ளோ அழகா?" என்று பால்காரம்மா கேட்டாள். இருந்தாயே, தினமும் அந்த வழியாகத்தானே போனாய்?

இன்னொரு செய்தி. கடை போகவில்லை. அந்தக் கம்பெனி திரும்ப வரவில்லை, உண்மைதான். ஆனால் வேறு ஆட்கள் வந்தார்கள். சில மாதம் கஷ்டப்பட்டேன், பிறகு நிமிர்ந்துகொண்டேன். கடை போச்சு என்று அன்று உன்னிடம் கத்தினேனே, அது நடக்கவே இல்லை. நடந்திருந்தாலும் அந்த வார்த்தை தப்புதான். நீ செய்தது சரி, நான் பயந்தேன். ஆஸ்பத்திரியில் தனியாக உன்னிடம் சொல்ல முடியாததை இப்போது நாலு பேர் முன்னால் சொல்கிறேன் அண்ணி. என்னை மன்னித்துவிடு.

போன மாதம் பவானி வந்தாள். மூடி இன்னும் மெஷினில்தான் இருக்கிறதாம். அவள் தங்கியிருக்கும் ஒரகடம் விடுதியில் அவளைப்போல் அடிபட்ட எட்டுப் பெண்கள் இருக்கிறார்கள், வெவ்வேறு கம்பெனி. ஒருத்திக்கு எண்ணெய் பட்டுக் கையெல்லாம் தடிப்பு, ஒருத்திக்கு விரல் நசுங்கி நகம் வளரவில்லை. அவர்களுக்கும் மனுவோடு வைக்கப் படம் வேண்டுமாம். "நீங்க வருவீங்களாக்கா? அந்த அக்கா இருந்தா வந்திருப்பாங்க" என்றாள்.

அண்ணனிடம் சொன்னேன். கேமரா பக்கமே வராதவன், நேற்று ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டாண்டைத் தூக்கிப் பார்த்தான். தெர்மாகோலைக் கையில் எடுத்து, "இத எந்தப் பக்கம் புடிக்கணும்?" என்று கேட்டான். பிடித்துக் காட்டினேன். நான் நாற்காலியில் உட்கார, அவன் அந்தப் பக்கம் நின்று பிடித்தான்.

வரும் ஞாயிறு காலை போகிறோம். அவர்கள் சொல்வதை முதலில் கேட்பேன், பிறகு விளக்கை இறக்குவேன். தடிப்பு தடிப்பாக, நசுங்கல் நசுங்கலாகத் தெரியும்வரை நகர்த்திக்கொண்டே இருப்பேன். எட்டுப் பேரையும் முடிக்காமல் திரும்ப மாட்டேன். தைரியமாகப் போகிறேன் என்று எழுதினால் நீயே நம்ப மாட்டாய். நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் போவேன் அண்ணி, இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடு சண்டை போட்ட, உன்னோடு சேர்ந்து விளக்குத் தூக்கிய
உன் நாத்தனார்
கலைவாணி