கல்சுவருக்குப் பின்னால்

அக்டோபர் 10, வியாழன்

நான் வழி தவறவில்லை. நடைக்குழுவில் எல்லோரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ரொட்டி வாங்கப் போனால் கடைக்காரியும், "குன்றுல தொலைஞ்சுட்டீங்களாமே?" என்கிறாள். டெர்பிஷயரின் இந்தக் குன்றுகளில் முப்பது வருடமாக நடக்கிறேன். நேற்று நான் தொலையவில்லை. என்னை விட்டுவிட்டுப் போனார்கள். இரண்டும் ஒன்றல்ல.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நடுவழியில் அவசரத்துக்கு ஒதுங்கப் போகிறவர் தம் முதுகுப்பையைப் பாதையோரம் வைத்துவிட்டுப் போகவேண்டும். அதைப் பார்த்துக் கடைசியில் வருபவர் காத்திருப்பார். குழுவின் வழக்கம் அது. எனக்குப் பிடித்ததே இல்லை. 'இதோ, ம்யூரியல் ஒதுங்கியிருக்கிறாள்' என்று கொடி நட்டு அறிவிக்கவா? கன்னியர் மடத்துப் பள்ளியில் நாங்கள் அப்படி வளரவில்லை.

என் கணவர் லெனார்ட் இருந்தவரை அதற்குத் தேவையும் வரவில்லை. பாதையில் நின்று புகைக்குழாயைப் பற்றவைப்பார். எல்லோரும் அவருக்காக நிற்பதாக நினைத்துக்கொள்வார்கள்.

நேற்று பையோடுதான் பாதையோரக் கல்சுவருக்குப் பின்னால் போனேன். முழங்கால் எழுந்திருக்க மறுத்தது. வெளியே வந்தபோது பாதையில் யாருமில்லை. மேகம் விலகி, ஆறும் பழுப்பேறிய பெரணிச் செடிகள் மண்டிய சரிவும் வெயிலில் கிடந்தன. அவ்வளவு அழகு. "பாருங்களேன்" என்று வாய்விட்டுச் சொன்னேன். ஓர் ஆடு திரும்பிப் பார்த்தது.

அக்டோபர் 11

தூக்கமில்லை.

என்னை யாரும் தேடவில்லை. நடை முடிந்ததும் போகும் பப்பில் சாப்பாட்டை ஒரு வாரம் முன்பே சொல்லிவைப்போம். பரிமாறும் பெண் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு, "இந்த மீன் யாரோடது?" என்று மேசை மேசையாகக் கேட்ட பிறகுதான் ஆள் குறைவது தெரிந்ததாம்.

நான் தனியே இறங்கி உள்ளே நுழைந்ததும் டோரீன் கத்தினாள். பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள், குரல் அப்படி. "வாங்க கண்ணு! ஹெலிகாப்டரக் கூப்பிடலாமான்னு பாத்தோம். ஆறிப்போயிடுமேன்னு உங்க மீனுல பாதிய நான் தின்னுட்டேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். குழுத்தலைவர் க்ளைவ், "வழி மாறிடுச்சா?" என்றார்.

"ஆமாம்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது நானேதான்.

அக்டோபர் 14

க்ளைவ் தொலைபேசியில் அழைத்தார். "அடுத்த தடவை நேரா பப்புக்கே கார்ல வந்துடுங்களேன். மறுபடி வழி மாறிட்டா எங்களுக்கும் பயமா இருக்கில்ல?"

சேறு படாத காலணியோடு சாப்பாட்டுக்குக் காத்திருப்பதா? எங்களோடு நடந்துகொண்டிருந்த ஈவ்லின் போன வருடம் அப்படித்தான் ஆரம்பித்தாள். இப்போது சாப்பாட்டுக்கும் வருவதில்லை. அவள் என்ன ஆனாள் என்று யாரும் கேட்பதில்லை — நானும் கேட்கவில்லை.

அக்டோபர் 15

மழை. யாரோடும் பேசவில்லை.

அக்டோபர் 17

டோரீனுக்கு இன்று தபாலில் போட்டதன் நகல்:

அன்புள்ள டோரீன்,

அன்று நான் வழி தவறவில்லை. சுவருக்குப் பின்னால் ஒதுங்கியிருந்தேன். அதைச் சொல்லக் கூசிப் பொய் சொன்னேன். க்ளைவிடமும் சொல்லிவிட்டேன். காரில் வருவதாக இல்லை. வரும் புதன்கிழமை நடக்கத்தான் போகிறேன், மெதுவாக. நீங்கள் என் பக்கத்தில் நடக்க முடியுமா? நிறையப் பேசுவீர்கள் என்று தெரியும். பரவாயில்லை.

தொலைபேசியில் கேட்டால் இரக்கப்பட்டுச் சம்மதித்துவிடுவீர்கள். முடியுமா, முடியாதா என்று யோசித்து, தயவுசெய்து கடிதத்தில் பதில் எழுதுங்கள்.